ஆட்டுக்கு வெற்றிலை வைத்த சுப்பாத்தாள்

நல்லேப்பிள்ளிக்குக் கிழக்கே, நெல்வயல் முடிந்து மேட்டாங்காடு தொடங்கும் இடத்தில் ஒரு பாறை கிடக்கிறது. எருமை குட்டையில் படுத்துக்கொண்டு முதுகை மட்டும் வெளியே காட்டுமே, அப்படி. கோடையில் அதன்மேல் வெறுங்கால் வைக்க முடியாது. ஆடி மழை நாலு பெய்துவிட்டால் போதும், பாறை முழுக்கத் தண்ணீர் கசிந்து மினுமினுக்கும். அந்தக் கசிவில், விரல் நகத்தின் கனத்துக்குப் படிந்திருக்கும் மண்ணில், ஒரு பூ வரும். மைப்பூ என்று பேர். செடி ஒரு விரற்கடை உயரம். தண்டு தலைமயிர் பருமன். உச்சியில் எள்ளுப்பூவில் பாதிகூடத் தேறாத ஒரு பூ. நிறத்தை மட்டும் சும்மா சொல்லக் கூடாது. கண்ணுக்கு மை எழுதிவிட்டு விரலைத் துடைத்த இடம் இருக்குமே, அந்தக் கருநீலம். எலப்புள்ளியில் அது இல்லை, சித்தூர்ப் பக்கம் இல்லை, கோயமுத்தூர்ச் சீமையிலும் யாரும் கண்டதில்லை. இருக்கிறது என்கிறவர்கள் கொண்டுவந்து காட்டட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மைப்பூவுக்குக் கிழங்கு கிடையாது, தங்குகிற வேர் கிடையாது. மழைக்கு முளைத்து, பூத்து, மூக்குப்பொடி மாதிரி வித்தை உதிர்த்துவிட்டு, பாறை காயும்போது தானும் காய்ந்து காற்றோடு போய்விடும். ஒரு வருஷம் வித்து விழவில்லை என்றால் மறுவருஷம் பூ இல்லை. அவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிற உயிர் அது.

பாறையடியில் ஏழு கல் நட்டிருக்கிறது. கன்னிமார். ஓணம் கழிந்து வருகிற வெள்ளிக்கிழமை ஊர்ப் பெண்கள் அங்கே பொங்கல் வைத்து, கல்லுக்கு ஒரு பூ என்று மைப்பூ வைத்துக் கும்பிடுவார்கள். அந்தப் பாறையும் கன்னிமார் இருந்த நிலமும் பொங்கியண்ணன் பங்கில் இருந்தன. பொங்கியண்ணன் கட்டிக்கொண்டு வந்தவள்தான் சுப்பாத்தாள்.

எலப்புள்ளியில் பிறந்தவள். கோயமுத்தூர்ப் பக்கம் கொள்ளைநோய் வந்ததே, அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முந்தி இங்கே வாழ வந்தாள். ஆள் ஒல்லி. பிடிவாதம் மட்டும் இரண்டு ஆள் எடை. கன்று போட்ட மாடு ஒன்று கிட்டே வந்தவரையெல்லாம் உதைத்துக்கொண்டிருந்தபோது, அவள் ஒரு மாதம் அதன் முன்னால் உட்கார்ந்து நாயம் பேசியே கறந்துவிட்டாள் என்பார்கள். கடைசியில் மாட்டுக்கே சலித்துப்போயிருக்கும்.

வந்த வருஷம் ஆடி மாதம், ஏர் ஓட்டுகிறவர்களுக்குக் கஞ்சிக் கலயத்தைச் சுமந்துகொண்டு பாறை வழியாகப் போனவள், பூவைப் பார்த்துவிட்டாள். கலயத்தை இறக்கி வைத்துவிட்டுக் குந்த வைத்து உட்கார்ந்தவள்தான். வெயில் ஏறியது. ஏர் நின்றது. கஞ்சி வரவில்லை. பொங்கியண்ணன் தேடிக்கொண்டு வந்தான்.

“ஏம்புள்ளே, கஞ்சியை எறும்புக்கா கொண்டுட்டு வந்தே?”

“உங்களுக்குப் பசி நாளைக்கும் வருமுங்க,” என்றாள் அவள், தலையைத் திருப்பாமலே. “இது நாளைக்கு இருக்குதோ இல்லையோ.”

பொங்கியண்ணன் சிரித்தான். வாயைத் திறப்பதைவிடச் சிரிப்பது சுலபம் என்று கண்டுகொண்ட மனுஷன் அவன். அன்று முதல் அந்தப் பாறை சுப்பாத்தாளுடையது என்று ஆகிவிட்டது. ஆடி பிறந்தால் விடிந்தும் விடியாமல் போய்ப் பார்ப்பாள். முதல் பூ கண்ட அன்றைக்கு வீட்டில் பருப்புச் சோறு. கன்னிமார் பூசைக்குப் பூப் பறிக்கிற பொறுப்பையும் யாரும் கொடுக்காமல் அவளே எடுத்துக்கொண்டாள். ஏழே ஏழு பூ, அதுவும் பாறையின் ஏழு இடத்திலிருந்து, நகத்தால் கிள்ளி எடுப்பாள். ஒரே இடத்தில் இரண்டு எடுக்க மாட்டாள்.

இப்படிப் பல வருஷம் போயிற்று. பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள். ஒரு வருஷம் ஓணத்துக்கு மலையாளத்துப் பிள்ளைகள் பூக்களம் போடப் பூத் தேடிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்கள். பனையோலைக் கூடையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பாட்டும் கூத்துமாக வந்த பிள்ளைகள். சுப்பாத்தாள் நாற்று நடவுக்குப் போயிருந்தாள். சாயங்காலம் வந்து பார்த்தால் பாறை மொட்டை. வெள்ளிக்கிழமை கன்னிமாருக்கு வைக்க ஒரு பூ இல்லை. கண்ணுக்குத் தப்பிய இளமொட்டுகள் பிறகு பூத்து வித்து உதிர்த்ததில்தான் மைப்பூ பிழைத்தது.

பூசையை முன்னின்று நடத்துகிறவள் பெரிய வீட்டு ஜானகியம்மாள். ஊருக்கே மூத்தவள், குரலும் அப்படி. ஏழு கல்லும் வெறுமையாக நிற்பதைப் பார்த்துவிட்டு, எல்லோர் முன்னாலும் சொன்னாள்: “உன்ற காடு, உன்ற பாறை. ஏழு பூவைக் காப்பாத்திக் கொடுக்கத் தெரியாதவளுக்கு எதுக்கு ஆத்தா அந்தப் பொறுப்பு?”

சுப்பாத்தாளுக்கு அது சுருக்கென்று தைத்தது. இந்தச் சனம் எதைப் பெரிதாக நினைக்கிறதோ அதற்கு வேலி போடும். மேய்ச்சல் காடானால் வேலி, தோட்டமானால் வேலி, கொடுத்துவைத்தால் வானத்துக்கும் வேலி போட்டிருக்கும். அவளும் வேலி போட்டாள். சித்திரையில் கிளுவைக் குச்சி வெட்டி, பாறையைச் சுற்றி மண் இருக்கிற இடமெல்லாம் நெருக்கி நட்டு, நடுவே இலந்தை முள்ளை அடைத்தாள். பொங்கியண்ணன் குச்சி வெட்டிக் கொடுத்தான். கன்னிமார் கல் வேலிக்கு வெளியே, பூ வேலிக்கு உள்ளே. ஆள் நுழைய ஒரு படல். அதற்குக் கயிற்று முடிச்சு. அந்த முடிச்சு அவளுக்கு மட்டும்தான் அவிழும்.

இதில் அடிபட்டவன் குப்பண்ணன். பொங்கியண்ணனுக்குச் சித்தப்பன் மகன். வெள்ளாடு வைத்துப் பிழைக்கிறவன். அவன் அப்பன் காலத்திலிருந்து அவர்கள் ஆடுகள் அந்தப் பாறையில்தான் மேயும், பாறைமேல்தான் படுத்து அசை போடும். இப்போது வேலியைச் சுற்றிக்கொண்டு, கீழ்ப்பக்கம் பாறை விளிம்பில் ஒரு முழ அகலத் தடத்தில் ஆடுகளை ஒன்றன்பின் ஒன்றாக நடத்திப் போக வேண்டியதாயிற்று. ஊர்ப் பொங்கலன்று கோயில் முன்னால் வைத்துக் கேட்டான். மழை இல்லாத மாதங்களிலாவது ஆடு உள்ளே வந்து போகட்டும் என்றான். அவள் முடியாது என்றாள். அவன் ஆடு பூவைத் தின்கிற ஆடு என்றாள். அப்போது பூவே இல்லையே என்று அவன் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. கொங்குச் சனம் சண்டை போட்டாலும் மரியாதை குறையாமல்தான் போடும்.

“என்ற தலை இருக்கிற வரைக்கும் உங்க ஆட்டுக் கால் அந்தப் பாறையில படாதுங்க, கொழுந்தனாரே.”

“சரிங்க நங்கையா,” என்று அண்ணன் பெண்டாட்டிக்கு உரிய முறை வைத்தே சொன்னான் அவன். “அப்ப என்னைக் கூப்பிடற அன்னைக்குத் தலையைக் கழட்டி வெச்சுட்டுத்தான் வரோணுமுங்க.”

கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

அந்த ஆவணியில் பாறையைப் பார்த்தவர்கள் வாயடைத்துப்போனார்கள். கால் வைக்க இடமில்லாமல் மைப்பூ. மேகம் இறங்கிப் பாறைமேல் உட்கார்ந்த மாதிரி. ஜானகியம்மாளே படலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போனாள். சுப்பாத்தாள் ஒரு மாதம் நிமிர்ந்துதான் நடந்தாள்.

அடுத்த வருஷம் பூ கொஞ்சம் குறைவு. மழை போதவில்லை என்றாள். அதற்கடுத்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது. பூ இன்னும் குறைந்தது. யாரோ திருட்டுத்தனமாக ஆட்டை விடுகிறார்கள் என்று முள்ளை இன்னும் நெருக்கி அடைத்தாள். உள்ளே கொழுக்கட்டைப் புல் இடுப்பளவு வளர்ந்து, காய்ந்து, சாய்ந்து, அதன்மேல் மறுபடி வளர்ந்தது. கிளுவை இலை உதிர்ந்து பாறைமேல் மெத்தை போட்டது. ஆடே போகாத இடம் எவ்வளவு செழிப்பாக இருக்கிறது பாருங்கள் என்று அதையும் பெருமையாகவே சொன்னாள். அப்புறம் ஒரு ஆவணி வந்தது. வேலிக்குள் புல்லை விலக்கி விலக்கித் தேடினாள். முழங்கையெல்லாம் கீறல். ஒரு மைப்பூ இல்லை. அந்த வெள்ளிக்கிழமை கன்னிமாருக்கு அரளி வைத்தார்கள். ஜானகியம்மாள் சுப்பாத்தாள் பக்கம் திரும்பாமலே பொங்கல் பானையை இறக்கினாள். பேசியிருந்தால் தேவலை.

பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு, சுப்பாத்தாள் வேலியைச் சுற்றி நடந்தாள். எங்கே ஓட்டை என்று தேடத்தான். கீழ்ப்பக்கம், குப்பண்ணன் ஆடுகள் போகிற அந்த ஒரு முழத் தடத்துக்கு வந்தாள். ஆடுகள் கரண்டித் தின்றதில் அங்கே புல் தலைமயிர் மழித்த மாதிரி ஒட்ட இருந்தது. ஈர மண்ணில் குளம்புத் தடம். ஒரு குளம்புத் தடத்தில் ஒரு வாய்த் தண்ணீர் தேங்கி நின்றது. அதன் ஓரத்தில் ஒரு மைப்பூ.

அவள் குனிந்து பார்த்தாள். அடுத்த தடத்தில் இன்னொன்று. கொஞ்சம் தள்ளி இரண்டு. கசிவுத் தண்ணீரோடு வேலிக்கு அடியில் வழிந்து வந்த வித்து, உள்ளே கிடைக்காத இடத்தை வெளியே தேடிப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆட்டின் வாய் புல்லைக் கட்டி வைத்திருக்கிறது. ஆட்டின் கால் பாறையைத் திறந்து வைத்திருக்கிறது. யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, சொல்லவும் தேவைப்படவில்லை. மாடு கன்றோடு வளர்ந்தவள், பார்த்ததும் விளங்கிவிட்டது. பூவைக் கொன்றது ஆடு அல்ல, வேலி. வேலி போட்டவள் யார்?

அன்றைக்கு வீட்டில் களி உப்பில்லாமல் இருந்தது. பொங்கியண்ணன் அதைச் சாப்பிட்டு முடித்தான்.

விளங்கிவிட்டது என்பதற்காக உடனே போய்க் குப்பண்ணன் வாசலில் நிற்கிற ஆள் இல்லை சுப்பாத்தாள். ஆடு செய்வதை நான் செய்தால் என்ன என்று கிளம்பினாள். கார்த்திகை பிறந்ததும் அரிவாளை எடுத்துக்கொண்டு வேலிக்குள் போய்ப் புல்லை அறுத்தாள். அறுத்ததைச் சுமந்து வெளியே போட்டாள். இலைக் குப்பையைக் கூட்டி அள்ளினாள். பிறகு பாறையின் குறுக்கும் நெடுக்கும் குதிகாலால் மிதித்து நடந்தாள். வயல் வேலைக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பொங்கியண்ணன் ஒருநாள் வந்து படல் ஓரம் நின்றான்.

“எல்லாம் சரியாத்தான் பண்றே புள்ளே. கொம்பும் புழுக்கையும்தான் பாக்கி.”

அவள் அரிவாளை அவன் பக்கம் ஓங்கினாள். ஆனால் கை கொப்புளித்திருந்தது, அரிவாள் பிடி நழுவிக் கீழே விழுந்தது. அறுத்த புல்லோ மார்கழிப் பனியில் அடியிலிருந்து மறுபடி பச்சை கட்டிக்கொண்டு எழுந்தது. அரிவாள் மேலே வெட்டும், ஆடு வேரடி வரைக்கும் கரண்டும். தை பிறந்தபோது சுப்பாத்தாள் அந்தப் புல்லைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். பிறகு படலின் முடிச்சை அவிழ்த்தாள். படலையே தூக்கிக் கொண்டுபோய் வீட்டு வாசலில் சாத்தினாள். திரும்பி வந்து இரண்டு பக்கமும் கிளுவையை வெட்டி, ஆடு தாராளமாக நுழைகிற அகலத்துக்கு வழி திறந்தாள்.

குப்பண்ணனுக்கு ஆள் அனுப்பினாள், ஆட்டை ஓட்டிக்கொண்டு வரலாம் என்று. ஆள் திரும்பி வந்து சொன்ன பதில் இது: இத்தனை வருஷம் வேண்டாதவர்களாக இருந்த ஆடுகள், ஆள் சொல்லி வராது, விசேஷத்துக்கு ஒறம்பரைச் சொந்தத்தை எப்படி அழைப்பார்களோ அப்படி அழைத்தால் வரும்.

ஊர் முழுக்க அந்தப் பதில் பரவிவிட்டது. சுப்பாத்தாள் இனி ஏழு ஜென்மத்துக்கும் அந்தப் பக்கம் திரும்ப மாட்டாள் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். அவள் குளித்தாள். கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டினாள். தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு சீப்புப் பழம் வைத்து, பட்டப்பகலில், ஊர் நடுத்தெரு வழியாகக் குப்பண்ணன் ஆட்டுப்பட்டிக்கு நடந்தாள். பின்னால் பாதி ஊர். பொங்கியண்ணன் மாப்பிள்ளைக்குத் தகப்பன் மாதிரி மேல்துண்டைச் சரி செய்துகொண்டு கூடவே போனான்.

குப்பண்ணன் பட்டி வாசலில் நின்றான். நிஜமாகவே வருவாள் என்று அவன் நினைக்கவில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

“தலை இருக்குதுங்களா நங்கையா, ஊட்டுல கழட்டி வெச்சுட்டு வந்தீங்களா?”

“இருக்குதுங்க,” என்றாள் அவள். “கொஞ்சம் குனிஞ்சிருக்குது, அவ்வளவுதான். பாத்தது போதும், தட்டை வாங்குங்க.”

அவன் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டான். அதற்குள் கிடாய் ஒன்று பட்டிப் படல் மேலே காலைப் போட்டு எழும்பி, தட்டிலிருந்த வெற்றிலையை ஒரு கவ்வில் இழுத்துக்கொண்டது. அழைப்பை ஏற்றுக்கொண்டாயிற்று என்றான் பொங்கியண்ணன்.

அங்கேயே நின்று இருவரும் பேசி முடித்தார்கள். வித்து உதிர்ந்து பாறை காய்ந்த பின்னால் ஆடு உள்ளே போகும். முதல் மழை விழுந்ததும் வெளியே வந்துவிடும். பூ முடிகிற வரைக்கும் திறந்த வழியில் முள் அடைத்திருக்கும். அந்தக் கோடை முழுக்க ஆடுகள் பாறைமேல் மேய்ந்தன, படுத்தன, ஒன்றையொன்று முட்டின. புல் ஒட்டக் கரண்டப்பட்டது. பழைய பாறை முதுகு மறுபடி வெளியே தெரிந்தது.

ஆடி வந்தது. மழை வந்தது. சுப்பாத்தாள் தினமும் போனாள். ஆவணி பாதியானபோது அந்தப் பெரிய பாறை முழுக்கத் தேடி அவள் கண்டது ஒரு கை விரல் எண்ணிக்கைப் பூதான். கீழ்த்தடத்தில் போன வருஷத்து நாலு பூவும் உதிர்த்த வித்தில், ஆட்டுக் குளம்பில் ஒட்டி மேலேறியது போக மீதி இந்த மழை வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போயிருந்தது.

ஏழு கல். பூவோ ஐந்து. அதைப் பறித்தால் வித்து இல்லை. வித்து இல்லையென்றால் உலகத்தில் மைப்பூ இல்லை. பறிக்காவிட்டால் இரண்டாம் வருஷமும் கன்னிமார் மைப்பூ இல்லாமல் நிற்பார்கள். அடுத்த வருஷமும் பூ வராமல் போனால், கன்னிமாரைப் பட்டினி போட்டவள் என்ற பேரோடுதான் அவள் சாக வேண்டும். அது அவளுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை பெண்கள் வந்தபோது, திறந்த வழியில் அடைத்திருந்த முள்ளின் முன்னால் சுப்பாத்தாள் உட்கார்ந்திருந்தாள். கையில் பூ இல்லை. ஜானகியம்மாள் முள்ளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். வயசானாலும் கண் கூர்மை.

“பூத்தான் இருக்குதே சுப்பாத்தா. அஞ்சு கல்லுக்காவது வெப்போம். கொண்டா.”

“மாட்டனுங்க.”

“கன்னிமாருக்கு இல்லாத பூ அப்புறம் யாருக்கு?”

“அவங்க பாறையில, அவங்க கண்ணு முன்னால பூத்திருக்குது. வேணுமுன்னா அவங்களே எட்டிப் பறிச்சுக்குவாங்க. ஏழு பேரு இருக்கறாங்க, கை இல்லாமயா போச்சு? நான் பறிக்க மாட்டனுங்க, பறிக்க உடவும் மாட்டன்.”

பெண்கள் முணுமுணுத்தார்கள். வேலி போட்டுக் கெடுத்தவளும் இவள், இப்போது சாமிக்கு மறுக்கிறவளும் இவள் என்று ஒருத்தி காது கேட்கவே சொன்னாள். சுப்பாத்தாள் முள்ளை ஒட்டி இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். வழி விடவில்லை. பொங்கல் பொங்கி வழிந்தது. ஜானகியம்மாள் அவளைப் பார்த்தாள், பாறையைப் பார்த்தாள், ஏழு கல்லையும் பார்த்தாள். கடைசியில் தேங்காயை எடுத்துக் கல்லின்மேல் உடைத்தாள். அந்தத் தண்ணீரைக் கன்னிமாருக்குப் பாதி தெளித்து, மீதியை முள்ளுக்கு மேலே பாறைப் பக்கம் வீசினாள்.

“வராமப் போகட்டும், அடுத்த வருசம் பேசிக்கறேன் உன்னைய,” என்றாள்.

அந்த ஒரு வருஷத்தைச் சுப்பாத்தாள் எப்படிக் கழித்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். ஐந்து பூவும் காயாகி வித்து வெடிக்கிற வரைக்கும் காலையும் மாலையும் போய் உட்கார்ந்தாள். கார்த்திகையில் மறுபடி தட்டோடு போய் ஆட்டை அழைத்தாள். யாரும் இந்தத் தடவை கேட்கவில்லை, அவளாகவே போனாள். ஆடி மழைக்கு முந்திய நாள் ஆட்டை வெளியே எடுக்கச் சொன்னாள். மேகத்தைக்கூடப் பார்க்கவில்லை, எறும்பு முட்டை சுமந்து மேலேறியதைப் பார்த்தாள்.

அந்த ஆவணியில் பூத்ததை இன்றைக்கும் சொல்லுவார்கள். முதல் வருஷத்து மேகம் மாதிரி இல்லை. அங்கங்கே திட்டுத் திட்டாக, மை சிந்தின மாதிரி. ஆனால் பாறையின் நாலு பக்கமும். சுப்பாத்தாள் ஏழு இடத்தில் ஏழு பூக் கிள்ளி ஜானகியம்மாள் கையில் கொடுத்தாள். ஜானகியம்மாள் வாங்கிக் கல்லுக்கு வைத்தாள். பேசிக்கொள்கிறேன் என்று சொன்னவள் பேசவில்லை. தன் பொங்கலில் முதல் கரண்டியைச் சுப்பாத்தாள் இலையில் போட்டாள். அதுதான் பேச்சு.

பூக்களத்துப் பிள்ளைகளும் பிறகு வந்தார்கள். சுப்பாத்தாள் முள்ளை விலக்கி அவர்களைக் கூப்பிட்டு, ஒரு பிள்ளைக்கு ஒரு பூ என்று அவளே கிள்ளிக் கொடுப்பாள். நடுவில் வைக்க ஒன்று போதும், மீதிக்குத் தும்பை பறித்துக்கொள்ளுங்கள் என்பாள். அவள் பேச்சு அவர்களுக்குப் பாதிதான் விளங்கும், ஆனாலும் அப்படியே செய்தார்கள். கொல்லம் ஆண்டு ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதில் வந்த பெரிய வெள்ளத்தில் பாறை மண்ணில் பாதி கரைந்து போயிற்று. அந்த வருஷமும் பூ வந்தது. பொங்கியண்ணன் போன வருஷமும் வந்தது. ஒரு கார்த்திகைகூட அவள் வெற்றிலைத் தட்டை மறந்ததில்லை. கடைசியில் நடக்க மாட்டாமல், பேரனின் மாட்டு வண்டியில் ஏறிப் போய் அழைத்தாள்.

அவள் கண்ணை மூடியது ஒரு புரட்டாசியில், பாறை காய்கிற நேரம். துக்கம் கழிந்து கார்த்திகை பிறந்தது. கிழவனாகிவிட்ட குப்பண்ணன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து பாறை வழியின் முன்னால் நின்றான். ஆடுகள் தலையை நீட்டித் தள்ளின. அவன் கோலைக் குறுக்கே பிடித்து நிறுத்தினான். வெயில் ஏறியது. வயலில் இருந்தவர்கள் உள்ளே விடுங்கள், யார் கேட்கப் போகிறார்கள் என்றார்கள். அவன் நகரவில்லை.

சுப்பாத்தாள் மருமகள் வீட்டிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

“தெரியலைங்க சின்ன மாமா, அத்தையோட போச்சுன்னு நெனச்சுட்டேன். நீங்களாப் போயிருக்கலாமுங்களே.”

“அழைக்காத ஊட்டுக்கு எப்படிப் போறது அம்மிணி,” என்றான் குப்பண்ணன். தட்டை இரண்டு கையாலும் வாங்கினான். ஒரு வெற்றிலையை எடுத்து முதல் ஆட்டுக்குக் கொடுத்துவிட்டு, கோலை விலக்கினான்.